கூடப் போவது யார்?

குழந்தை நடிகர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது. தொடர்ந்து 27 நாளைத் தாண்டக் கூடாது. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள் இவ்வளவையும் எண்ணி எழுதி வைத்திருக்கின்றன. அந்தக் குழந்தையைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, வண்டியேற்றி, நாள் முழுக்கக் கேமராவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவையோ அப்பாவையோ பற்றி அவை பேசுவது மிகக் குறைவு. பெற்றோரிடம் கேட்கப்படுவது ஒரு சம்மதக் கையெழுத்து. கூடப் போகவோ விடுப்பு வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. மத்திய அரசு ஊழியருக்கு 8. பொள்ளாச்சியிலோ தென்காசியிலோ ஒரே ஓர் அவுட்டோர் ஷெட்யூல் போதும், ஆண்டுக் கணக்கு தீர்ந்துவிடும்.

வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையின் நடிப்பை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால், விடுப்பைச் சேர்த்து வை, மாமியாரை அனுப்பு, கேரவனில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார் என்று யோசனைகள் வரும். எல்லாம் பயன்படக் கூடியவைதான். ஆனால் அவை நேரத்தை மட்டுமே பார்க்கின்றன. நான் பார்த்தவரை இது கூலி சம்பந்தப்பட்ட கேள்வி. குழந்தையோடு ஒரு பெரியவர் நாள் முழுக்க இருந்தாக வேண்டும். அந்த நாளுக்கான கூலியை யார் தருகிறார்கள்? தயாரிப்பாளரா, அரசா, பெற்றோரின் முதலாளியா, அந்தக் குழந்தையேவா? பதில் எதுவோ அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் அமைகிறது.

எந்த வேலை என்பதிலிருந்து தொடங்கலாம். விளம்பரப் படம் என்றால் ஒரு நாள், இரண்டு நாள். முன்னதாக ஆடிஷன், உடை அளவு பார்க்க ஒரு மாலை. இதற்கு வேலையை விடத் தேவையில்லை. ஒரு தற்செயல் விடுப்பும் ஒரு சனிக்கிழமையும் போதும். சினிமா வேறு மாதிரி. கதாநாயகனின் கால்ஷீட்டைச் சுற்றித்தான் மற்றவர்களின் தேதிகள் விழும். பத்தாம் தேதி என்பார்கள், பதினாறுக்குத் தள்ளிப்போகும், பிறகு ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு அசிஸ்டன்ட் டைரக்டர் கூப்பிட்டு நாளைக் காலை ஏழு மணிக்கு வண்டி வரும் என்பார். விடுப்பு நாட்களின் எண்ணிக்கையைவிட இந்த நிச்சயமின்மைதான் வேலையில் இருப்பவரை வதைக்கிறது. பத்து நாள் விடுப்பை முன்கூட்டியே கேட்டால் தரும் மேலாளர்கூட, மூன்று முறை தேதி மாற்றிக் கேட்டால் முகம் சுளிப்பார். படப்பிடிப்பு முடிந்த பிறகும் டப்பிங் இருக்கிறது. அது பெரும்பாலும் சில மணி நேர வேலை என்பதால் பள்ளி விட்ட பின் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.

சீரியல்தான் வேலையைத் தின்பது. படத்துக்கு ஒரு முடிவு உண்டு. ஓடுகிற சீரியலுக்கு இல்லை. மாதாமாதம் ஷெட்யூல் வரும், ஒளிபரப்புக்கு அத்தியாயங்கள் தீரத் தீர அவசரம் கூடும், கதையில் குழந்தை பாத்திரம் மக்களுக்குப் பிடித்துவிட்டால் அதற்குக் காட்சிகள் பெருகும். பிள்ளையின் வெற்றி கூடக்கூட அம்மாவின் விடுப்பு குறையும். மூன்று மாதம் ஊதியமில்லா விடுப்பு, பிறகு ஆறு மாதம், பிறகு ராஜினாமா. வீட்டில் யாரும் உட்கார்ந்து எடுத்த முடிவாக அது இருக்காது, நடந்துவிடும். விடுவது பெரும்பாலும் அம்மாதான், காரணமும் எளியது: இரண்டு சம்பளங்களில் சின்னது அவருடையதாக இருக்கிறது. செட்டிலும் அப்பாவைவிட அம்மா வருவதையே யூனிட் எதிர்பார்க்கிறது. சாப்பாடு ஊட்ட, உடை மாற்ற, அழுதால் சமாதானப்படுத்த என்று யூனிட் ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலைகளைச் சம்பளமில்லாமல் செய்கிற ஒருவர் கிடைத்துவிடுகிறார். வண்டியும் சாப்பாடும் தருவது வழக்கம். அவ்வளவுதான்.

இந்த நாற்காலி அம்மா சினிமா கொண்டுவந்த ஏற்பாடு. அதற்கு முன்பிருந்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கணவரை இழந்து வறுமையில் இருந்த சத்தியபாமாவின் பிள்ளைகள் சக்கரபாணியும் எம்.ஜி.ஆரும் அப்படித்தான் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். சிவாஜி கணேசனும் சிறுவனாக நாடகக் குழுவோடு போனவர். கம்பெனியிலேயே தூங்கி, சாப்பிட்டு, வாத்தியாரிடம் அடி வாங்கிப் பாடம் கற்ற பிள்ளைகள் அவர்கள். பெற்றோரின் வேலைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, பிள்ளையைப் பார்க்க முடியாது என்பதைத் தவிர. இன்றைய கண்ணுக்கு அது கொடுமையாகத் தெரியலாம். பிள்ளையின் காவலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் அங்கே ஒளிவுமறைவில்லாத பதில் இருந்தது: கம்பெனி.

சினிமா வந்ததும் அந்தப் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுந்தது. 1960இல் வெளிவந்த ‘களத்தூர் கண்ணம்மா’வில் நடித்தபோது கமல்ஹாசனுக்கு ஐந்து வயது, அப்பா சீனிவாசன் பரமக்குடியில் வழக்கறிஞர். ஸ்ரீதேவியின் அப்பா அய்யப்பனும் வழக்கறிஞர்தான். ஸ்ரீதேவி மிகச் சிறு வயதில் ‘கந்தன் கருணை’யில் முருகனாக வந்தார், படப்பிடிப்புகளுக்கு உடன் போனவர் அம்மா ராஜேஸ்வரி. அன்றைய குழந்தை நட்சத்திரங்களின் பேட்டிகளை வாசிக்கிறவர்களுக்கு ஒரு பழகிய வரிசை கிடைக்கும்: சம்பாதிக்கும் அப்பா தூரத்தில், சம்பாதிக்காத அம்மா செட்டில், பள்ளிக்கூடம் எங்கோ நடுவில். ஒரு பெரியவரின் முழுநேரம் வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட ஏற்பாடு அது. அம்மாக்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. தொழில் மட்டும் இன்னும் பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

பெற்றோர் வேலையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலிவுட்டில் இரண்டு பழைய சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று பலருக்கும் தெரிந்தது. சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில் 1921இல் நடித்த ஜாக்கி கூகன் சிறுவயதில் முப்பது, நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்ததாகக் கணிக்கிறார்கள். வயது வந்த பிறகு கேட்டால் பணம் இல்லை. மைனரின் சம்பாத்தியம் பெற்றோருக்கே என்பதுதான் அன்றைய சட்டம். அம்மாவின் மேலும் வளர்ப்புத் தந்தையின் மேலும் 1938இல் வழக்குப் போட்டு, கடைசியில் அவர் கையில் வந்தது சுமார் 1,26,000 டாலர். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் கலிபோர்னியாவின் 1939ஆம் ஆண்டுச் சட்டம். அதிலிருந்த ஓட்டைகளை அடைக்க 2000 வரை ஆயிற்று. அன்றிலிருந்து குழந்தையின் சம்பளத்தில் 15 விழுக்காடு தொட முடியாத கணக்குக்குப் போகிறது.

இரண்டாவது, நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஷெர்லி டெம்பிளின் அப்பா ஜார்ஜ் வங்கி ஊழியர். மகள் உலகப் புகழ் பெற்றதும் வங்கி வேலையை விட்டு மகளின் பணத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். அம்மா கெர்ட்ரூட் தினமும் செட்டில் இருந்து மகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தார், தலைமுடியைச் சுருட்டிவிட்டார். அதற்கு ஸ்டூடியோ அவருக்குத் தனியாக வாரச் சம்பளம் கொடுத்தது. மகள் வளர்ந்து கணக்குப் பார்த்தபோது, முப்பத்திரண்டு லட்சம் டாலர் சம்பாதித்ததில் தன் பெயரில் மிஞ்சியது 44,000 டாலர் என்று கண்டார். தன் சுயசரிதையில் அவரே எழுதியது இது. ஜார்ஜ் திருடர் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஒரு குடும்பம் முழுக்க ஒரு குழந்தையின் சம்பளத்தில் வாழ்ந்தால் பணம் இப்படித்தான் போகும்: வீட்டுக்கு, வேலையாட்களுக்கு, உறவினருக்கு, தவறிய முதலீட்டுக்கு. அப்பா வேலையை விட்ட நாளே குழந்தை குடும்பத் தலைவராகிவிட்டது. அதே குடும்பத்தில் அம்மாவின் நேரத்துக்கு விலை எழுதப்பட்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஸ்டூடியோவால் அது முடிந்திருக்கிறது.

எனவே பெற்றோரின் வேலையைக் குழந்தையின் நடிப்புக்குப் போட்டியாக வைத்துப் பேசுவது எனக்கு ஒத்துவரவில்லை. குழந்தைக்கு மறுக்கும் உரிமையைத் தருவதே அந்த வேலைதான். ‘இரவு எட்டு மணிக்கு மேல் முடியாது’, ‘தண்ணீரில் குதிக்கும் காட்சி வேண்டாம்’, ‘தேர்வு மாதத்தில் வரமாட்டோம்’, ‘இவளுக்குப் பிடிக்கவில்லை, நிறுத்திக்கொள்கிறோம்’ என்று சொல்ல அடுத்த மாத வாடகை வேறெங்கிருந்தாவது வர வேண்டும். விருப்பத்துக்கு மாறாகக் குழந்தையை நடிக்கவைக்கக் கூடாது என்று நம் விதியிலும் இருக்கிறது. அம்மாவின் சம்பளம் நின்றுபோன வீட்டில் ஏழு வயதுக் குழந்தை தன் விருப்பமின்மையை யாரிடம் சொல்லும்? சொல்லாமலே அதற்குப் புரிந்துவிடும், தன் சம்பளத்தில்தான் தவணை கட்டப்படுகிறது என்று.

நம் சட்டம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தம் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. இரண்டு விதிவிலக்குகள்: பள்ளி நேரத்துக்கு வெளியே சொந்தக் குடும்பத் தொழிலுக்கு உதவுவது, சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம் போன்றவற்றில் கலைஞராக இருப்பது. சர்க்கஸ் கூடாது. படிப்பு பாதிக்கப்படவும் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி வாங்க வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் நியமிக்க வேண்டும். பாடம் விட்டுப்போகாமல் வசதி செய்துதர வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். வயது வந்த பிறகே அது கைக்கு வரும். படத்தின் தொடக்கத்தில் விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்று வரும் வரியை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். குழந்தைகளைப் பற்றியும் அதுபோன்ற அறிவிப்பு ஒன்றை விதிகள் கேட்கின்றன. அதை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

ஓட்டை எங்கே என்றால், அந்தப் பொறுப்பாளரிடம். அவரை நியமிப்பது தயாரிப்பு நிறுவனம், சம்பளமும் அங்கிருந்தே. இயக்குநர் ‘இன்னும் ஒரே ஒரு டேக்’ என்று கேட்கும்போது, ஐந்து மணி நேரம் முடிந்துவிட்டது என்று அவர் கையைக் காட்டுவாரா? வேலை பார்க்கும் பெற்றோர் அவரை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டு அலுவலகம் போகத் தயங்குவதில் வியப்பில்லை. அதனால் சட்டப்படி பொறுப்பாளர் ஒருவர் இருந்தும், உண்மைக் காவலுக்கு அம்மா போகிறார். ஐந்து மணி நேரக் கணக்கும் அவருக்கு உதவாது. நடிக்கும் நேரம் ஐந்து மணி. மேக்கப்புக்கும் ஒளியமைப்புக்கும் பெரிய நடிகர் வந்து சேர்வதற்கும் காத்திருப்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் போனவர்கள் இருட்டிய பிறகு திரும்புவார்கள்.

மற்ற நாடுகள் இதை இரண்டு விதமாகக் கையாண்டிருக்கின்றன. கலிபோர்னியாவில் பதினாறு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். செட்டில் ஆசிரியர் இருக்க வேண்டும். ஆறு முதல் ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் நான்கு மணி நேரம் வேலை, மூன்று மணி நேரம் பாடம், ஒரு மணி நேரம் ஓய்வு. ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தையை ஒரு நாளில் இருபது நிமிடத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஒரு பாத்திரத்துக்கு இரட்டையரைத் தேடுவது இதனால்தான். எல்லாம் சரி, பெற்றோரின் வேலை? கட்டாயம் அவர்களுடையது, இழப்பும் அவர்களுடையது. இங்கிலாந்து வேறு வழி போனது. நடிக்கும் பிள்ளைக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். பெற்றோர் வர முடியாவிட்டால் அதே மன்றம் அங்கீகரித்த காப்பாளர் ஒருவர் இருப்பார். ஒருவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள்தான் உச்சம். பெரும்பாலும் படக் கம்பெனிதான் அவருக்குக் கூலி தருகிறது, ஆனால் அங்கீகாரம் மன்றத்துடையது. குழந்தையின் நேரத்தை மீற விட்டால் போவது அவருடைய பிழைப்பு. கம்பெனியை எதிர்த்து நிற்க இந்த ஒன்று போதுமானது. நாம் பின்பற்ற வேண்டியது இந்த வழியைத்தான் என்பது என் கருத்து. ஐந்துக்கு ஒருவர் என்ற நம் விதி இங்கிலாந்தைவிடக் கறாரானது. அந்த ஒருவருக்கு மாவட்ட நிர்வாகத்தின் அங்கீகாரம் என்ற ஒன்றைச் சேர்த்தாலே அது உயிர் பெற்றுவிடும்.

அதுவரை குடும்பங்கள் தம் வழியில் சமாளிக்கின்றன. பெரிய வழி, ஓய்வுபெற்ற தாத்தா. ஓய்வூதியம் வரும், நேரம் இருக்கும், செட்டில் யாராவது அதட்டினால் திருப்பி அதட்டவும் தெரியும். பாட்டி என்றால் சாப்பாட்டுக் கவலையும் இல்லை. ஆசிரியப் பெற்றோருக்குக் கோடை விடுமுறை பிள்ளையோடு ஒத்துப்போகும். பள்ளிக்கூடக் கதைகளைக் கோடையில் எடுப்பதும் அவர்களுக்குச் சௌகரியம். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடிகிற செவிலியர், பேருந்து ஓட்டுநர் போன்றோரும் ஓரளவு தப்பிக்கிறார்கள். மத்திய அரசில் பணிபுரியும் பெண்களுக்கும் தனித்துப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தேர்வு, நோய் போன்ற தேவைகளை மனதில் வைத்துத் தந்த விடுப்பு அது. படப்பிடிப்புக்கு அதைச் செலவழித்துவிட்டுப் பத்தாம் வகுப்பில் பிள்ளை தவிக்கும்போது இல்லாமல் போவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

தினக்கூலி வீட்டில் இந்த வழிகள் எதுவும் இல்லை. ‘காக்கா முட்டை’யில் நடித்து தேசிய விருது வாங்கிய விக்னேஷும் ரமேஷும் சென்னையின் மீனவர் பகுதியிலிருந்து வந்தவர்கள். இயக்குநர்கள் இப்போது தெருவிலிருந்தும் கிராமத்திலிருந்தும் முகங்களைத் தேடுகிறார்கள். அது தமிழ்ப் படங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது. அப்படி அழைக்கப்படும் பிள்ளையின் அப்பாவுக்கோ ஒரு நாள் உடன் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. வராவிட்டால் பிள்ளை தனியே. கூட்டக் காட்சிக்கு ஏஜென்ட் மூலம் வரும் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பிள்ளையின் கூலியும் அம்மா இழக்கும் கூலியும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் இடம் அது. இப்படிப்பட்ட வீடுகளுக்கு ‘வேலையை விடாதீர்கள்’ என்று அறிவுரை சொல்வது அபத்தம். உடன் வரும் பெரியவருக்கும் ஒப்பந்தத்திலேயே ஒரு நாள் பேட்டா எழுதுவதுதான் மரியாதை. பெரிய பட்ஜெட்டில் அது யார் கண்ணிலும் படாத தொகை.

20 விழுக்காடு வைப்புக்குப் போன பின் மிஞ்சும் 80 எங்கே போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வேலையை விட்ட பெற்றோரின் இழந்த சம்பளம் சத்தமில்லாமல் அதிலிருந்துதான் ஈடுகட்டப்படுகிறது. எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எடுப்பதானால் மாதம் இவ்வளவு என்று எழுதி எடுக்க வேண்டும். பதினெட்டு வயதில் பிள்ளை கேட்டால் காட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. மைனரின் மற்ற வருமானங்களைப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்த்துவிடும் சட்டம், தன் திறமையால் குழந்தை சம்பாதித்ததை மட்டும் சேர்ப்பதில்லை. அதற்குக் குழந்தையின் பெயரிலேயே கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை வைப்பில் போட்டு வரும் வட்டி, அதிகம் சம்பாதிக்கும் பெற்றோரின் வருமானத்தோடு சேரும். நடிப்பு குழந்தையுடையது, வட்டி அப்பாவுடையது என்று வரித்துறையின் கண்ணில் ஆகிவிடுகிறது.

வீட்டுக்குள்ளேயே செல்போனில் எடுத்து யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் பிள்ளைகள் இந்தக் கேள்வியை இன்னொரு பக்கம் இழுத்துச் செல்கிறார்கள். அங்கே அம்மாவே தயாரிப்பாளர், அப்பாவே ஒளிப்பதிவாளர். ஆட்சியரிடம் அனுமதிக்கு யார் போவது? பிரான்ஸ் 2020இலும், அமெரிக்க மாநிலங்களான இல்லினாய் 2023இலும் கலிபோர்னியா 2024இலும் இத்தகைய பிள்ளைகளின் பங்குப் பணத்தைத் தனியே வைக்கச் சட்டம் செய்துவிட்டன. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பிள்ளையின் சேனலை நடத்தும் பெற்றோர் சினிமா அம்மாவைவிட ஆழமாகச் சிக்கியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது, ஏனெனில் பேக்கப் சொல்ல அங்கே ஆளில்லை.

நடிப்பு எப்போது நிற்கும் என்பதையும் வேலையை விடுமுன் யோசிக்க வேண்டும். ஸ்ரீதேவி பதின்மூன்று வயதில் ‘மூன்று முடிச்சு’ படத்தில் கதாநாயகியாகவே ஆகிவிட்டார். மீனாவும் குழந்தை நட்சத்திரமாக வந்து நாயகியானவர். இவர்கள் பெயர் நமக்குத் தெரிவதே இவர்கள் விதிவிலக்கு என்பதால்தான். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்றில் உயரம் கூடும், குரல் உடையும், குழந்தைப் பாத்திரமும் இல்லை, இளைஞர் பாத்திரமும் இல்லை என்ற இடைவெளி வரும். அப்போது அம்மாவின் வயது நாற்பதை ஒட்டி இருக்கும், அவருடைய வேலை விண்ணப்பத்தில் ஆறேழு வருடம் வெற்றிடமாக இருக்கும். வைப்புப் பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் பதினெட்டு வயதுவரை அதைத் தொட முடியாது. நடிப்புச் சம்பளம் நின்ற நாளுக்கும் வைப்பு கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் ஐந்து வருடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை வரும் செலவுமிக்க படிப்பு முழுக்க அந்த ஐந்து வருடத்துக்குள்தான் விழுகிறது.